அம்மா, அக்கா நினைவுமலர்: எதைக் கேட்டு எழுதுவது?

முதல் பதிவு

ஆண்டுத் திதிக்கு நினைவுமலர் போடுகிறவர்களுக்காக, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ரப்பர், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் உழைத்த பெண்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ‘அன்பின் இருப்பிடமே, குலவிளக்கே’ என்ற வரிகள் எந்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்தும். உங்கள் அம்மா எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு), எத்தனை மரத்தில் பால் வெட்டினார் என்று போடுங்கள்.

பிறந்த ஆண்டில்தான் முதல் சிக்கல். அந்தத் தலைமுறைக்கு ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கும் தேதி பல நேரம் குத்துமதிப்பு. சின்னம்மாவிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் பதில் வராது. “ஜப்பான்காரன் வந்தப்ப அம்மா கைப்பிள்ளையா, நடந்தாங்களா?” என்று கேளுங்கள். அது 1941 டிசம்பர். 1948 ஜூனில் இங்கே தோட்டத் துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது. முள்வேலியும் அளவரிசியும் பெரியவர்களுக்கு மறக்காது. அடுத்தது 1957 மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம். இந்த மூன்றுக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் வயது ஓரளவு பிடிபடும்.

‘பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டினார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள், மனசு வலிக்கிறது. விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால்தான் விடியுமுன் அந்த அவசரம். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, பாதி மரத்தைச் சுற்றிச் சாய்வாகக் கோடு இறங்கும். உளி ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டுமுண்டாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட வராது. மேலாகப் போனால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டையை விட்டு, நூற்றுக்கணக்கான மரத்திலும் உளியை நிறுத்திய கை அது. கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்தது, மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) உறைந்த கட்டிப்பாலை எடுத்தது, பட்டை நனைந்த மழை நாளில் வெட்டு நின்றது எல்லாம் வரட்டும்.

மறுமொழி

அக்கா செம்பனைக் காலத்தவர் என்றால் கேள்வி மாறும். உதிரிப் பழம் பொறுக்கினாரா, உரம் போட்டாரா, முதுகில் பம்பு சுமந்து மருந்து அடித்தாரா? பாராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்த பெண்கள் பலருக்கு நகம் நிறம் மாறிக் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது. அந்த மருந்துக்கு இங்கே முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். நினைவுமலரில் இதைப் போடக் கூச்சப்படாதீர்கள், அவர் பட்ட பாடு அது.

பெட்டியில் கிடக்கும் தாள்களையும் பாருங்கள். சம்பளச் சீட்டு, சங்க அட்டை, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். மாதம் பத்து வெள்ளி (மலேசியப் பணம்) கட்டிச் சேர்த்த பங்கு அது. தாளில் பெயரின் எழுத்து வேறாக இருந்தால் திருத்தாமல், உள்ளபடியே எடுத்து எழுதுங்கள்.

மறுமொழி

திதி குறிப்பதில் நடக்கும் ஒரு பிழை. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் இருப்பது இந்திய நேரம். நம் மலேசிய நேரத்திலிருந்து இரண்டரை மணியைக் கழித்துப் பார்க்க வேண்டும். இங்கே இரவு 12.30-க்கு உயிர் பிரிந்தால் அங்கே முந்தின இரவு 10.00. ‘ஏகாதசி இரவு 11.15 வரை’ என்றிருந்தால் திதி ஏகாதசி. கழிக்காமல் பார்த்தவர் துவாதசி என்று குறித்துவிடுவார். 1982-க்கு முன் இறந்தவர்களுக்கு இரண்டு மணிதான் கழிக்கணும், நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது அந்த ஆண்டு ஜனவரி 1-இல். குருக்களிடம் போகும்போது தேதியோடு இறந்த நேரத்தையும் எழுதிக் கொண்டுபோங்கள்.