கறுப்புக் கோட்டோடு எம்.பி.ஏ. விண்ணப்பம்: என் அனுபவம்

நாற்பதைத் தாண்டிய சட்டத்தரணிகள் யாராவது எம்.பி.ஏ.க்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஓம், நான் விண்ணப்பித்தேன். யாழ்ப்பாணத்தில் காலையில் காணி வழக்கு, பின்னேரம் உறுதிப் பத்திரம் எழுதுவது என்று போன தொழில். போர் முடிந்த பிறகு வெளிநாட்டிலிருந்து காசோடு வந்தவர்கள் விடுதி, நண்டு ஏற்றுமதி என்று தொடங்க, கம்பனிப் பதிவும் ஒப்பந்தமும் என் மேசைக்கு வந்தன. நான் எழுதிய ஒப்பந்தம் நின்று பிடிக்கும், வியாபாரம் படுத்துவிடும். ஏன் படுத்தது என்று கணக்கைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போய் இருந்து பார்க்கும் ஆசை அப்படிப் பிடித்ததுதான்.

"கோட்டுப் போட்ட பிள்ளை இனிப் பெடியளோட வாங்கில இருக்கப் போறியோ?" அம்மா கேட்டது அவ்வளவுதான்.

வெளிநாட்டு முழுநேர எம்.பி.ஏ. வகுப்புகளில் பெரும்பாலானோர் முப்பதைத் தொடாதவர்கள். எங்கள் வயதில் அந்த வரிசையில் போய் நிற்பது வீண் என்பது என் கருத்து. எங்களைப் போன்றவர்களுக்கென்றே, தொழிலை விடாமல் படிக்கிற எக்சிக்யூட்டிவ் எம்.பி.ஏ. இருக்கிறது. எம்.ஐ.டி.யிலும் லண்டன் பிஸ்னஸ் ஸ்கூலிலும் ஸ்லோன் என்ற பெயரில் அனுபவசாலிகளுக்கான படிப்புகள் உண்டு, செலவைக் கேட்டால் தலை சுற்றும். நாட்டுக்குள் என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனமான பி.ஐ.எம். இருக்கிறது, இங்கேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல் சட்டக் கல்லூரி வழியாக மட்டும் வந்தவர்கள் கவனம். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்தது பட்டம் ஆகாது. படிவம் இளமாணிப் பட்டம் எங்கே என்று கேட்கும். தொழில்தகைமையை ஏற்பார்களா என்று கட்டணம் கட்ட முதலே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் காசைக் கட்டிய பிறகுதான் இதில் மாட்டுப்பட்டார்.

எம்.பி.ஏ. அனுமதிக்கு எழுதுகிற ஜிமாட் பரீட்சையின் பழைய வடிவம் 2024 தொடக்கத்தோடு போய்விட்டது. இப்போது மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 64 கேள்விகள். கட்டுரையும் கேத்திரகணிதமும் இல்லை. கணிதப் பகுதியில் கல்குலேட்டர் தரமாட்டார்கள். சாதாரண தரத்தோடு கணக்கைக் கைகழுவிய எனக்கு அது பெரிய இடி. ஆனால் டேட்டா சஃபிஷியன்சி என்று ஒரு வகைக் கேள்வி வரும். அது விடையைக் கேட்காது, தந்த இரண்டு கூற்றுகளும் விடை காணப் போதுமா என்றுதான் கேட்கும். சாட்சியம் போதுமா போதாதா என்று பார்த்தே தலை நரைத்தவர்களுக்கு அது பழகிய வேலை.

பெரிய தலையிடி சிபாரிசுக் கடிதம். "உங்கள் மேலதிகாரி யார்?" என்கிறது படிவம். தனியாகத் தொழில் செய்கிறவனுக்கு ஏது மேலதிகாரி? நீதிபதியிடம் கேட்கிற எண்ணமே வேண்டாம், நாளைக்கும் அவர் முன்னால் வழக்குப் பேசவேண்டும். நான் முன்பு ஜூனியராக இருந்த சீனியரிடம் ஒன்று, கட்சிக்காரரான கம்பனி இயக்குநர் ஒருவரிடம் ஒன்று எடுத்தேன். சீனியர் முதலில் தந்தது நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருந்தது: நேர்மையானவர், நேரந் தவறாதவர். சரி என்று ஒரு பின்னேரம் போய், கடையைப் பங்குபோடச் சண்டை பிடித்த அண்ணன் தம்பியை வழக்குக்குப் போகவிடாமல் ஒரே மேசையில் இருத்திக் கணக்குப் பார்க்கவைத்த கதையை நினைவூட்டினேன். பெயரும் ஊரும் இல்லாமல் அதை எழுதித் தந்தார். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்டார்கள்.

நேர்முகம் சூமில் நடந்தது. கேட்டவர் என்னைவிட இளையவர். "உங்களைவிட வயதில் மிகக் குறைந்த ஒருவர் குழுவை நடத்தினால் என்ன செய்வீர்கள்?" என்றார். "எங்கள் நீதவான்களில் சிலர் என்னைவிட இளையவர்கள். அவர்கள் வந்தால் எழுந்து நிற்பேன், தலை வணங்குவேன், பிறகு அவர்கள் சொல்வது ஏன் சரியில்லை என்று மரியாதையாக வாதாடுவேன்" என்றேன். சிரித்துவிட்டார். ஏன் சட்ட முதுமாணியான எல்.எல்.எம். படிக்கவில்லை என்ற கேள்வியும் நிச்சயம் வரும். அதற்கு அப்புக்காத்து மாதிரி நீட்டி முழக்காமல் அந்த நண்டு ஏற்றுமதிக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

எக்சிக்யூட்டிவ் வகுப்பில் இடம் கிடைத்தது. வழக்குத் தவணைகளை வகுப்பு நாட்களில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைய பாடு. தம்பி, நீங்கள் எதைச் செய்யாவிட்டாலும் பல்கலைக்கழகப் பெறுபேற்றுப் பத்திரத்துக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். எனக்கு எல்லாவற்றையும்விட இழுபட்டது அதுதான்.