எஸ்டேட் என்றால் காப்பித் தோட்டம் மட்டும்தானா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை:

ஏற்காட்டில் வளரும் பிள்ளைக்கு எஸ்டேட் என்ற சொல்லை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து பழகிப் பழகி அது வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. எஸ்டேட் கேட், எஸ்டேட் ரைட்டர், எஸ்டேட் பங்களா. சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் கீழே காப்பிச் செடியும் கண்ணில் பட்டால் அது எஸ்டேட். தெரிந்த சொல் என்பதாலேயே யாரும் இதற்கு அகராதியைத் திறப்பதில்லை. என் கவலை அதுதான்.

பிளஸ் டூ வகுப்பில் ஒரு வாக்கியம் கொடுத்தேன்: 'ஹி லெஃப்ட் ஹிஸ் என்டயர் எஸ்டேட் டு ஹிஸ் டாட்டர்.' நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி, "அவர் எஸ்டேட் முழுவதையும் விட்டுவிட்டு மகளிடம் போய்விட்டார்" என்று எழுதினாள். அம்மா அப்பா இருவரும் தோட்ட வேலைக்குப் போகிற வீடு அவளுடையது. உடம்புக்கு முடியாமல் போனதும் பெரியவர்கள் மலையிறங்கி மகள் வீட்டுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் அப்படித்தானே படிப்பாள்?

அந்த வாக்கியத்தில் தோட்டமே இல்லாமலும் இருக்கலாம். ஒருவர் இறக்கும்போது அவர் பெயரில் இருக்கும் வீடு, நிலம், நகை, வங்கிப் பணம் எல்லாம் சேர்த்து எஸ்டேட். சொத்தைச் சொல்லி, பின்னால் 'டு' போட்டு ஆளையும் சொன்னால், 'லெஃப்ட்' என்பதற்கு எழுதிவைத்தார் என்று பொருள். தன் சொத்து முழுவதையும் மகளுக்கு எழுதிவைத்தார், அவ்வளவுதான்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் சேலத்துப் பெண்:

இங்கே வந்த புதிதில் வீடு கிடைத்ததும் அம்மாவுக்கு போன் போட்டு, "ஹவுசிங் எஸ்டேட்ல வீடு" என்றேன். "ஏங் கண்ணு, தோட்டத்துக்குள்ளயா? ராத்திரி ட்யூட்டி முடிச்சு எப்படி வருவ? பாம்பு கீம்பு இருக்குமே" என்று அம்மா பதறிவிட்டார். ஒரே திட்டமாக வரிசையாய்க் கட்டிய குடியிருப்புக்குத்தான் இங்கே அந்தப் பெயர். நம் ஊர் ஹவுசிங் போர்டு காலனி மாதிரி. உள்ளாட்சி நிர்வாகம் கட்டியதென்றால் கவுன்சில் எஸ்டேட். வீட்டு புரோக்கர் எஸ்டேட் ஏஜென்ட். பின்பக்கம் நீண்டு, சாமான் வைக்க நிறைய இடமுள்ள காருக்கு எஸ்டேட் கார் என்று பெயர். பெரிய மாளிகையும் அதைச் சுற்றிப் பரந்த நிலமும் என்றால் கன்ட்ரி எஸ்டேட் என்பார்கள். நர்சிங் முடித்து இங்கே வரப்போகிறவர்கள் இதையெல்லாம் முன்பே தெரிந்துகொண்டால் வீடு தேடும்போது திணற வேண்டாம்.

சேலத்தில் பத்திரம் எழுதுபவர்:

ஆசிரியை சொன்ன அந்தப் பொருளை நான் வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். மலேசியாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இறந்துவிட்ட ஒருவரைப் பற்றி, ஒரு வக்கீல் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவருடைய உறவினர்கள் வந்தார்கள். 'எஸ்டேட் ஆஃப்' என்று போட்டு இறந்தவர் பெயர் இருந்தது. மலேசியா என்றாலே ரப்பர் எஸ்டேட்தானே, சித்தப்பா தோட்டமே வாங்கிவிட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கடிதத்தில் இருந்தது கொஞ்சம் சேமிப்பும் கொஞ்சம் கடனும். சட்டத்தில் இறந்தவரின் கடனை அவருடைய எஸ்டேட்டிலிருந்து முதலில் அடைத்துவிட்டு, மீதியைத்தான் வாரிசுகளுக்குப் பிரிப்பார்கள். அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு சொல் இவ்வளவு ஆசை காட்டிவிடுகிறது.

இன்னொன்று. பழைய நில வழக்குகளில் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் என்று வரும். காப்பித் தோட்டத்தை ஒழித்த சட்டமா என்று கேட்காதவர்கள் குறைவு. அங்கே எஸ்டேட் என்பது ஜமீன். நம் சேலம் பக்கம் மிட்டா என்பார்களே, அதுவும் அதில் சேரும். அப்புறம், ரியல் எஸ்டேட் என்பதில் 'ரியல்' என்றால் போலி இல்லாதது என்று விளம்பரத்தைப் பார்த்துப் பலர் நினைக்கிறார்கள். அது லத்தீனில் பொருள் என்று அர்த்தம் தரும் 'ரேஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நிலம், கட்டடம் போன்ற அசையாச் சொத்து என்பதைத் தாண்டி அதில் வேறொன்றும் இல்லை. பத்திரம் சரியா என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. இந்த மலேசியக் கடிதத்தை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். பத்திரிகைத் துறையை ஏன் ஃபோர்த் எஸ்டேட் என்கிறார்கள் என்று ஒரு பையன் கேட்டிருந்தான். பழைய பிரான்சில் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்று சமூகத்தை மூன்று எஸ்டேட்டாகப் பிரித்திருந்தார்கள். 1789இல் கூடிய சபையும் அந்தப் பிரிவுப்படிதான் கூடியது. அந்த மூன்றோடு நான்காவதாகப் பத்திரிகையைச் சேர்த்தார்கள். உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன்: ஆங்கிலத்தில் முதல் எழுத்து 'எ' இல்லை, மெல்லிய 'இ'. அழுத்தம் 'டே' மேல் விழ வேண்டும்.