புயல் நேரத்துல மணல்திட்டு அலையில இறங்கலாமா?

உப்புத்தண்ணி: ரெண்டு நாளா கடல் கொந்தளிக்குது, ஆனா திட்டு மேல ஆளுயரத்துக்கு அலை உடையுறத பாத்தா கை அரிக்குது. சர்ஃபிங் பழகி ஒரு வருஷம்தான் ஆச்சு. இறங்கலாமா?

பழையபலகை: வேணாம் தம்பி. அலை இடைவெளிய எண்ணிப் பாருங்க, 6 செகண்டுக்கு ஒண்ணு வந்தா அது காத்து கிளப்புற அலை, எந்திரிக்கறதுக்குள்ள அடுத்தது மண்டையில விழும். புயல் ஓய்ஞ்சு காத்து கரையிலருந்து கடல் பக்கம் திரும்பி, இடைவெளியும் 12 செகண்ட் கிட்ட வந்தா அப்ப போங்க.

மணல்மூக்கு: திட்டே எடம் மாறிடும்ங்க. இடுப்பளவு தண்ணின்னு நெனச்சு விழுந்தேன், முழங்காலளவுதான், தோள்பட்டை போச்சு. அப்புறம், அலை உடையாம அமைதியா தெரியுற சந்துல போனா ஈசின்னு தோணும், அதான் ரிப் கரன்ட், கடலுக்குள்ள இழுத்துரும். மாட்டுனா எதுத்து நீந்தாம கரைக்கு இணையா ஒதுங்குங்க, போர்டை மட்டும் விட்றாதீங்க.

உப்புத்தண்ணி: சரிண்ணா, கரையிலயே உக்காந்து எண்ணுறேன். இப்ப 7 😅