காற்றுப் பொறியியலில் பிஎச்.டி.: எங்கே, எதைப் படித்துவிட்டு?

கடலூர்க்காரன்:
எம்.இ. ஸ்ட்ரக்சுரல் இறுதியாண்டு. புயலில் கூரைகள் பறப்பதைக் குறைக்கும் ஆராய்ச்சியில் பிஎச்.டி. செய்து, பேராசிரியர் பணிக்குப் போக விருப்பம். எங்கே சேரலாம்? இப்போதே என்ன படித்து வைக்கலாம்?

தூண்_பலகை:
இங்கேயே என்றால் சென்னை தரமணியில் எஸ்.இ.ஆர்.சி. (மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம்). விண்ட் டனல் (சிறு மாடலின் மேல் காற்றை வீசிச் சோதிக்கும் கூடம்) இருக்கிறது, ஆய்வுப் பதிவு ஏ.சி.எஸ்.ஐ.ஆர். (சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் படிப்போருக்குப் பட்டம் தரும் அகாடமி) வழியாக. வெளியே கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் (காற்றுப் பொறியியல் முன்னோடி டேவன்போர்ட் 1965-இல் தொடங்கிய ஆய்வகம்), அமெரிக்காவில் டெக்சாஸ் டெக், புளோரிடா இன்டர்நேஷனல். பல்கலைக்கழகப் பெயரில் மயங்காதீர்கள். வழிகாட்டியின் சமீபத்திய கட்டுரைகளில் மாணவர்கள் பெயர் முதலில் வருகிறதா என்று பாருங்கள்.

படிக்க: நிகழ்தகவு, ரேண்டம் வைப்ரேஷன் (ஒழுங்கற்ற அதிர்வு), ஃபூரியே (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணிதம்). ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் (காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை, 2015) கணக்குகளைக் கையால் போட்டுப் பழகுங்கள். சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் 50 மீ/வி. கடலோர மருத்துவமனைக்கு கே4 (புயல் பகுதிக்காக வேகத்தைப் பெருக்கும் காரணி) 1.30, அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததால் சுமை 1.69 மடங்காகும். இந்த வர்க்கம் மனதில் பதியாதவரை எந்த முடிவையும் சரிபார்க்க வராது.

பிரஷர்_டேப்:
விண்ட் டனல் பக்கம் போவதானால் ஒன்று. மாடலில் உள்ள துளைக்கும், அழுத்தத்தை அளக்கும் ஸ்கேனருக்கும் இடையிலுள்ள மெல்லிய குழாய் நீளமானால், உள்ளே காற்று ஒத்ததிர்வு அடைந்து சிக்னலைத் திரித்துவிடும். சராசரி அழுத்தம் சரியாகவே வரும், உச்ச மதிப்பு மட்டும் பொய் சொல்லும். கூரையைப் பிய்ப்பதோ அந்த உச்சம்தான். குழாயைக் குட்டையாக வையுங்கள், அதன் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் குழாய் எவ்வளவு மாற்றுகிறது என்பதை) அளந்து திருத்துங்கள்.

நேர அளவையும் கவனியுங்கள். மாடல் 1:300, வேகம் 1:4 என்றால் நேரம் 1:75. நிஜத்தில் 10 நிமிடம் டனலில் 8 விநாடிதான். ஒரே ஓட்டத்தின் உச்சத்தை எடுத்து எழுதினால் ரிவ்யூவர் விடமாட்டார். பல துண்டுகளின் உச்சங்களை கம்பெல் பரவலில் (உச்ச மதிப்புகளுக்கான நிகழ்தகவுப் பரவல்) பொருத்த வேண்டும்.

ஓட்டுக்கூரை:
உங்கள் ஆசை கூரை என்பதால், உயரக் கட்டடத்தை விட இணைப்புகளைத் தலைப்பாக எடுங்கள். 1974-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிய டிரேசி புயலில் தகரக் கூரைகள் பறந்ததற்கு முக்கியக் காரணம் உலோகக் களைப்பு: மாறி மாறி வீசிய காற்றில் திருகைச் சுற்றித் தகரம் விரிசல் விட்டது. நிலையான சுமையை மட்டும் ஏற்றிச் சோதித்தால் இது தெரியவே தெரியாது. 1977-இல் டவுன்ஸ்வில்லில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் புயல் சோதனை நிலையம் தொடங்கியது அதன் பிறகுதான். அங்கும் விண்ணப்பியுங்கள்.

கள ஆய்வில் காற்றைப் பார்த்த கதவு முதலில் உடைந்ததா என்று பதியுங்கள். உடைந்தால் உள்ளழுத்தமும் கூரையை மேலே தள்ளும். விழுந்த வீடுகளை மட்டும் எடுத்தால் சேத வளைகோடு (எந்த வேகத்தில் எவ்வளவு சேதம் என்று காட்டுவது) ஒரு பக்கமாகச் சாயும். அதே தெருவில் தாக்குப்பிடித்த வீட்டின் திருகு இடைவெளியையும் அளந்து எழுதுங்கள்.