பாய்லர் அழுத்தம் அடிக்கடி இறங்குகிறது: நீர் ஏற்றிக்கொண்டே ஓட்டலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எரிவாயு பாய்லரும் ஒன்பது ரேடியேட்டர்களும் கொண்ட, மூடிய சுற்றில் சுடுநீர் ஓடும் சூடாக்க அமைப்பு இருக்கிறது. பாய்லருக்கு வயது 11. சென்ற குளிர்காலம் வரை தொல்லை தந்ததில்லை. இப்போது பத்து நாள்களுக்கு ஒருமுறை அழுத்தமானியின் முள் 1.5 பாரிலிருந்து 0.5 பாருக்குக் கீழே இறங்கிவிடுகிறது, பாய்லரும் நின்றுவிடுகிறது. நான் நிரப்புக் குழாயின் திருகைத் திறந்து மறுபடி 1.5 வரை நீர் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதனுடன், மாடி அறை ரேடியேட்டரில் மாதம் இருமுறை காற்று சேர்ந்துவிடுகிறது. கூடத்து ரேடியேட்டரின் மேற்பகுதியில் கை வைக்க முடியாத சூடு இருக்கும்போதே அடிப்பகுதியின் நடுப்பாகம் சில்லென்றிருக்கிறது. பார்க்க வந்த டெக்னீஷியன் பத்து நிமிடத்தில், வயதாகிவிட்டது, புதிதாக மாற்றிவிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். சுவரிலோ தரையிலோ ஈரம் எங்கும் தென்படவில்லை. இப்படியே நீர் ஏற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்ட முடியுமா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1

ஐயா, முதலில் அந்தத் திருகிலிருந்து கையை எடுங்கள். அவசரத்திற்கு ஒருமுறை நீர் ஏற்றுவதில் தவறில்லை. பத்து நாள்களுக்கு ஒருமுறை ஏற்றுவதுதான் உங்கள் பாய்லரின் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. மூடிய சுற்றில் பழைய நீரே சுற்றிச் சுற்றி வரும்போது அதில் கரைந்திருந்த ஆக்சிஜன் சில நாள்களில் தீர்ந்து, துருப்பிடிப்பது பெருமளவு அடங்கிவிடும். நீங்கள் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிய ஆக்சிஜன் உள்ளே போகிறது; அது ரேடியேட்டரின் எஃகை அரித்து, மேக்னடைட் என்னும் கருநிற இரும்பு ஆக்சைடாக மாற்றுகிறது. அந்தக் கசடுதான் கூடத்து ரேடியேட்டரின் அடியில் படிந்து, சுடுநீரை அங்கே வரவிடாமல் தடுக்கிறது. உங்கள் பகுதி நீர் கடினநீர் என்றால், பாய்லரின் வெப்பமாற்றியில் சுண்ணப் படிவும் கூடவே சேரும். அடுப்பில் கெண்டி கொதிப்பது போன்ற இரைச்சல் பாய்லரிலிருந்து வந்தால் அதற்கு அதுதான் பொதுவான காரணம்.

மாடியில் சேர்வது முழுவதும் காற்று என்று நினைக்க வேண்டாம். இரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜனும் உண்டாகிறது, அது எரியக்கூடியது. எனவே காற்றுத் திருகைத் திறக்கும்போது அருகில் மெழுகுவத்தியோ தீப்பொறியோ இருக்கக் கூடாது.

நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டியவை இரண்டு. பாய்லர் நன்கு சூடேறிய நிலையில் அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது? வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயின் வாய் ஈரமாக இருக்கிறதா? காய்ந்த அட்டைத் துண்டொன்றை அதன் கீழே ஓர் இரவு வைத்தால் தெரிந்துவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. நேற்று மாலை காத்திருந்து பார்த்தேன். குளிர்ந்திருந்தபோது 1.4 இல் நின்ற முள், சூடேறிய அரைமணி நேரத்தில் 3 ஐ ஒட்டிப் போய் நின்றது. காலையில் அட்டை ஊறிக் கிடந்தது. அந்தக் குழாய் எதற்கென்றே இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரியாது.

பதில் 2

நான் இருபது ஆண்டுகளாகப் பாய்லர் பராமரிப்பு வேலை செய்பவன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் விரிவுக் கலனில் இருக்கிறது. வயதை மட்டும் காரணம் காட்டிப் பாய்லரையே மாற்றச் சொல்வது முறையன்று.

நீர் சூடானால் விரியும். 100 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 3 லிட்டர் கூடுதலாகிவிடும். அந்த மூன்று லிட்டருக்கு இடம் கொடுப்பதற்காகவே, ரப்பர் சவ்வால் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் நீருமாக அந்தக் கலன் இருக்கிறது. காற்று மெல்லக் கசிந்துபோனால், விரியும் நீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, நீங்கள் அட்டை வைத்த அந்தச் செம்புக் குழாய் வழியாக நீரை வெளியே தள்ளிவிடும். இரவில் அமைப்பு குளிர்ந்ததும், வெளியேறிய நீரின் அளவுக்கு அழுத்தம் குறைந்திருக்கும். நீங்கள் ஏற்றுகிறீர்கள், அது கொட்டுகிறது.

கலனில் சைக்கிள் டியூப் வால்வைப் போன்ற ஒரு காற்று வால்வு இருக்கும். அதன் நடு ஊசியை ஒரு நொடி அழுத்தினால், காற்று வந்தால் சவ்வு நன்றாக இருக்கிறது. நீர் பீறிட்டால் சவ்வு கிழிந்துவிட்டது, கலனை மாற்றியே ஆக வேண்டும். எதுவுமே வராவிட்டால் காற்று தீர்ந்துவிட்டது. காற்று நிரப்பும்போது ஒரு விஷயத்தில் பலர் தவறிவிடுகிறார்கள்: பாய்லரை அணைத்துக் குளிரவைத்து, அமைப்பின் நீர் அழுத்தத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, நீர்ப்பக்கத்தின் வடிகாலைத் திறந்துவைத்த பிறகே நிரப்ப வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பம்ப் காட்டும் அளவு காற்றின் அளவே அன்று. பெரும்பாலான வீடுகளுக்கு 0.75 முதல் 1 பார் வரை போதும். கலனின் மேல் அச்சிட்டிருப்பதைப் பின்பற்றுங்கள்.

கலன் தனியாகச் சுவரில் தொங்கினால் கைப்பழக்கம் உள்ளவர் செய்துகொள்ளலாம். பாய்லரின் உறைக்குள் இருந்தால், தகுதிச் சான்று பெற்ற எரிவாயு டெக்னீஷியனைத் தவிர வேறு யாரும் உறையைத் திறக்கக் கூடாது. பல பாய்லர்களில் அந்த உறைதான் புகையை வீட்டுக்குள் விடாமல் அடைத்து வைத்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வீட்டில் இல்லையென்றால், மற்ற செலவுகளுக்கு முன் அதை வாங்குங்கள். பலமுறை திறந்த பாதுகாப்பு வால்வின் இருக்கையில் கசடு மாட்டிக்கொண்டு சொட்டிக்கொண்டே இருக்கும். அதையும் அதே நாளில் மாற்றச் சொல்லுங்கள்.

பதில் 3

கலன் சரியானதும், அமைப்பு முழுவதையும் இயந்திரம் வைத்து அதிவேக நீரால் கழுவிவிடுங்கள். எங்கள் வீட்டில் செய்தோம், எல்லா ரேடியேட்டர்களும் புதியவை போலாகிவிட்டன.

பதில் 2 எழுதியவர்

இதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பழைய அமைப்பில் சில இணைப்புகளின் கசிவை அடைத்து வைத்திருப்பதே அந்தக் கசடாக இருக்கலாம். வேகமாக அடித்துக் கழுவினால் அதுவும் பெயர்ந்துவிடும். அடிப்பகுதி குளிர்ந்திருப்பது ஒரே ஒரு ரேடியேட்டர் என்பதால், இருபுற வால்வுகளையும் மூடி, அதை மட்டும் கழற்றி வெளியே கொண்டுபோய் ஹோஸ் குழாயால் அலசினால் போதும். வாசல்வரை பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்பு நீர் தரைவிரிப்பில் சிந்தினால் போகவே போகாது. அலசி மாட்டியபின் துருத்தடுப்பு மருந்தை அதன் புட்டியில் குறித்துள்ள அளவில் சேர்த்து, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்திவிட்டால், மீதிக் கசடு வெப்பமாற்றியை அடையும் முன்பே பிடிபடும்.

பதில் 4

உங்களுடையது கண்டென்சிங் வகையாக, அதாவது புகையோடு போகும் வெப்பத்தையும் மீட்டுக்கொள்ளும் பாய்லராக இருந்தால், நீரை எத்தனை டிகிரிக்குச் சூடாக்க வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தை விட்டுக்கொடுக்கும். ரேடியேட்டருக்குச் செல்லும் நீரை 75 இலிருந்து 60 அளவுக்குக் குறைத்தால் பாய்லர் அடிக்கடி எரிந்து அணைவதும் குறையும். பற்றவைப்பு முனையும் மின்விசிறியும் தேய்வது பெரும்பாலும் அதனால்தான். ஆனால் குளிப்பதற்கான சுடுநீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடுகளில், லெஜியோனெல்லா கிருமி பெருகாதிருக்க அந்தத் தொட்டி 60 டிகிரியை எட்ட வேண்டும், அதைக் குறைத்துவிடாதீர்கள். கோடையில் ரேடியேட்டர் தெர்மோஸ்டாட் தலைகளை முழுவதும் திறந்தே வையுங்கள். மூடிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டால் உள்ளிருக்கும் ஊசி இறுகிப்போய், குளிர் தொடங்கும் நாளில் அந்த ரேடியேட்டர் சூடாகாது.

கேட்டவர்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். கலன் உறைக்குள் இருந்ததால் சான்று பெற்ற வேறொரு டெக்னீஷியனை அழைத்தேன். ஊசியை அழுத்தியபோது காற்றும் வரவில்லை, நீரும் வரவில்லை. காற்று நிரப்பி, பாதுகாப்பு வால்வை மாற்றிக் கொடுத்தார். கூடத்து ரேடியேட்டரை நானும் மகனும் சேர்ந்து கழற்றினோம். அலசியதில் இரண்டு வாளி நிறைய மை போன்ற நீர் வந்தது. அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெளியிலிருந்து காந்தத்தை வைத்தபோது, கறுப்புத் தூள் முழுவதும் ஒரு பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்த அன்றே வடிகட்டிக்கும் சொல்லிவிட்டேன். இப்போது முள் குளிரில் 1.3, சூட்டில் 1.8. நிரப்புக் குழாயின் திருகை அதன் பிறகு நான் தொடவில்லை. மாடி ரேடியேட்டரின் காற்றுத் திருகுச் சாவியும் வைத்த இடத்திலேயே கிடக்கிறது.