கிரீன்லாந்தும் எங்கள் மயூர் விகார் வீடும்

குழு: மயூர் விகார் வீடு
வியாழக்கிழமை

மீனா, இரவு 8.04
எல்லோரிடமும் ஒரு உதவி. சனிக்கிழமை கல்லூரியில் விவாத மேடை. தலைப்பு, கிரீன்லாந்து டென்மார்க்கிலிருந்து பிரிந்து தனி நாடாக வேண்டுமா. எனக்கு 'வேண்டும்' அணி. என் மனசிலும் அதுதான். நம் வீட்டு ஆள் ஒருவர் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனிலேயே உட்கார்ந்திருக்கிறார். முரளி சித்தப்பா, வாருங்கள்.

அம்மா, 8.05
முதலில் சாப்பிட வா. தோசை ஆறுகிறது.

முரளி சித்தப்பா, 8.19
வந்துவிட்டேன். ஆனால் மீனா, நான் எதிர் அணி. முதலில் இதைக் கேள். அங்கே மொத்தமே சுமார் 57,000 பேர். பரப்பளவு 21 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், அதில் ஐந்தில் நான்கு பங்கு பனிக்கட்டி. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. கப்பல், இல்லையென்றால் விமானம். ஏற்றுமதி என்றால் இறாலும் மீனும்தான். இதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டை எப்படி நடத்துவது?

தாத்தா, 8.24
57,000 என்பது நம் லட்சத்தீவை விடக் குறைவு. 2011 கணக்கெடுப்பில் லட்சத்தீவு 64,000 சொச்சம். பரப்பளவோ இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு. முரளி, டென்மார்க் எவ்வளவு பணம் அனுப்புகிறது? சரியான தொகை சொல்.

முரளி சித்தப்பா, 8.27
வருடத்துக்குச் சுமார் 390 கோடி குரோனர் அப்பா. அங்கே அரசு செலவழிப்பதில் ஏறக்குறைய பாதி. போலீஸ், நீதிமன்றம், பாதுகாப்புச் செலவு இதில் வராது, அது தனி.

தாத்தா, 8.35
தலைக்கு 68,000 குரோனர் வருகிறது. நம் பணத்தில் எட்டு ஒன்பது லட்சம், ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு வருடமும். மீனாக்குட்டி, முப்பத்து நான்கு வருடம் மத்திய அரசுக் கணக்குப் பிரிவில் மானியக் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன். பாதி வரவு இன்னொருவர் கையிலிருந்து வரும்போது அது நின்றால் முதலில் நிற்பது ஆசிரியர் சம்பளமும் ஆஸ்பத்திரி மருந்தும்தான். கொடி ஏற்றிய மறுநாள் காலையில் கம்பவுண்டருக்கு யார் சம்பளம் தருவது? இதற்கு உன் அணியிடம் பதில் இருக்கிறதா?

மீனா, 8.38
சுரங்கம் இருக்கிறது தாத்தா. அரிய கனிமங்கள்.

முரளி சித்தப்பா, 8.44
தோண்டினால்தானே? தெற்கே நர்சாக் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் பெரிய இருப்பு. ஆனால் அதோடு யுரேனியமும் சேர்ந்து வரும். 2021 தேர்தலே அதை வைத்துத்தான் நடந்தது. வேண்டாம் என்ற கட்சி ஜெயித்தது, யுரேனியம் எடுக்கத் தடைச் சட்டமும் போட்டது. ஆட்டுப் பண்ணையும் மீன்பிடியும் உள்ள ஊர், அவர்கள் பயந்தது நியாயம். ஆனால் பணம் அங்கேதான் நிற்கிறது. இன்னொன்று, கனிம வருமானம் வருடத்துக்கு 7.5 கோடி குரோனரைத் தாண்டினால், தாண்டியதில் பாதி அளவுக்கு டென்மார்க் மானியத்தைக் குறைத்துக்கொள்ளும். கிரீன்லாந்தின் 2009 தன்னாட்சிச் சட்டத்தில் அப்படி இருக்கிறது.

தாத்தா, 8.46
அது நல்ல ஏற்பாடு. மெல்ல மெல்லச் சொந்தக் காலில் நிற்கலாம். அவசரம் வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன்.

அப்பா, 8.52
ஐஸ்லாந்தை மறந்துவிட்டீர்கள். அதுவும் டென்மார்க் கையில் இருந்ததுதான். 1944இல் குடியரசு ஆனபோது அங்கே ஒன்றேகால் லட்சம் பேர் இருந்திருப்பார்கள். மீனை விட்டால் வேறு என்ன இருந்தது? இன்று அங்கிருந்து யாராவது டென்மார்க்கிடம் திரும்பிப் போகலாம் என்கிறார்களா?

முரளி சித்தப்பா, 8.55
அண்ணா, அது ஒரு பக்கம். நவுருவும் தனி நாடுதான். 1968இல் விடுதலை, பாஸ்பேட் இருந்தவரை பெரும் பணக்கார நாடு, தீர்ந்ததும் கையேந்தும் நிலை. எந்த உதாரணம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

அம்மா, 9.01
எனக்கு ஒரு சந்தேகம். இது தனிக்குடித்தனம் போகிற மாதிரிதானே? மாமனார் பணம் தருகிறவரை கூட்டுக் குடும்பம், சம்பாத்தியம் வந்தபின் தனியாகப் போகலாம். இதில் சண்டை எதற்கு?

மீனா, 9.03
இல்லை அம்மா. மருமகள் புகுந்த வீட்டுக்கு வந்தவள். இவர்கள் எங்கேயும் வரவில்லை, அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். வந்தது டென்மார்க்.

சுகந்தி அத்தை, 9.05
நல்ல பதில். நான் இப்போதுதான் படித்துக்கொண்டு வருகிறேன். தட்டச்சு செய்ய நேரமாகும், பொறுங்கள்.

மீனா, 9.08
அதற்குள் நான் சொல்கிறேன். எதையுமே அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை. 1953இல் டென்மார்க் அரசியல் சட்டத்தை மாற்றி, காலனியாக இருந்ததைத் தன் நாட்டின் பகுதி என்று ஆக்கியது. அதற்கு டென்மார்க்கில் வாக்கெடுப்பு நடந்தது, கிரீன்லாந்தில் நடக்கவில்லை. அதே வருடம் அமெரிக்க விமானத் தளத்துக்காகத் தூலே வேட்டைக்காரர்களை ஊரோடு கிளப்பி வடக்கே கானாக்குக்கு அனுப்பினார்கள். 1972இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை வேண்டாம் என்று கிரீன்லாந்தில் 70 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். டென்மார்க் வேண்டும் என்றதால் இவர்களையும் இழுத்துக்கொண்டு போனது. சுயாட்சி வந்து, தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தி, 1985இல்தான் வெளியே வர முடிந்தது. டென்மார்க் நாடாளுமன்றத்தில் 179 இடம், அதில் கிரீன்லாந்துக்கு 2.

தாத்தா, 9.11
மக்கள் தொகைப்படி 2 என்பது குறைவு இல்லை.

மீனா, 9.12
குறைவு இல்லை தாத்தா. ஆனால் அந்த 2 பேரை வைத்து எதைத் தடுக்க முடியும்?

சுகந்தி அத்தை, 9.26
அப்பா, நீங்கள் மானியக் கோப்பு பார்த்த மாதிரி நான் முப்பது வருடம் பிரசவ வார்டு பார்த்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1966லிருந்து 1970க்குள் டேனிஷ் மருத்துவர்கள் கிரீன்லாந்தில் சுமார் 4,500 பெண்களுக்குக் கருத்தடை வளையம் வைத்தார்கள். பிள்ளை பெறும் வயதில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். பள்ளிக்கூடத்துச் சிறுமிகளும் அதில் உண்டு. பலரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜனத்தொகை ஏறுகிறது, செலவு ஏறுகிறது என்பது காரணம். அப்பா, செலவு. நாயா லிபெர்த் என்ற அம்மாள் தனக்குச் சிறுமியாக இருந்தபோது நடந்ததை முதலில் வெளியில் சொன்னார். 2022இல் டேனிஷ் வானொலி தோண்டி எடுத்தபின் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். டென்மார்க் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2025இல்.

இதை நான் எங்கோ நடந்த கதையாகப் படிக்கவில்லை. இங்கே நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரிக்கு நம் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். விழுப்புரத்துக்காரி, கட்டட வேலை. மூத்தது பிறந்து மூன்று வருடம், இரண்டாவது நிற்கவில்லை என்று வந்தாள். இந்தி வராது. பரிசோதித்துப் பார்த்தால் உள்ளே காப்பர் டி, அதே கருத்தடை வளையம்தான். முதல் பிரசவத்தின்போதே வைத்திருக்கிறார்கள். இந்தியில் அச்சடித்த தாளில் கைநாட்டு இருந்தது. நான் தமிழில் சொன்னதும் அவள் அழவில்லை. 'எப்ப வெச்சாங்க சிஸ்டர்?' என்று மட்டும் கேட்டாள். அப்புறம் விரல் விட்டு எண்ணினாள். ஒன்றரை வருடமாகக் கிருத்திகை தவறாமல் மலை மந்திர் முருகன் கோயில் படி ஏறியிருக்கிறாள், பிள்ளை வரம் கேட்டு. எத்தனை கிருத்திகை என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

வைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளுக்கு நல்லது என்றுதான் நினைத்திருப்பார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. நம்மைக் கேட்காமலே நமக்கு எது நல்லது என்று இன்னொருவர் முடிவு பண்ணுகிற இடத்தில், அவர்கள் எவ்வளவு பணம் அனுப்பினாலும் பயம் போகாது. கிரீன்லாந்துக்காரர்கள் போகட்டும்.

அப்பா, 9.31
அக்கா, இதை நீ இதுவரை சொன்னதே இல்லை.

சுகந்தி அத்தை, 9.32
எங்கே சொல்வது?

முரளி சித்தப்பா, 9.44
அக்கா, நீ சொன்னதில் ஒரு எழுத்துக்குக் கூட எனக்கு மறுப்பு இல்லை. 1951இல் 22 குழந்தைகளைக் கிரீன்லாந்திலிருந்து இங்கே கொண்டுவந்து டேனிஷ் பிள்ளைகளாக வளர்க்கப் பார்த்தார்கள். திரும்பிப் போனபோது அம்மாவோடு பேச மொழி இல்லை. மன்னிப்புக் கேட்டபோது உயிரோடு இருந்தவர்கள் ஆறு பேர். எல்லாம் தெரிந்துதான் எதிர் அணியில் நிற்கிறேன்.

என் அலுவலகத்தில் ஒரு கிரீன்லாந்துப் பெண் இருக்கிறார். தனி நாடு வேண்டும் என்பவர். ஆனால் அவருடைய அம்மாவுக்குப் புற்றுநோய். கிரீன்லாந்துத் தலைநகர் நூக்கில் உள்ள ஆஸ்பத்திரியில் முடியாது என்றால் இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள், செலவு அரசுடையது. அந்த அம்மா இங்கே இருந்த ஆறு வாரமும் இவர் மத்தியான இடைவேளையில் ஓடிப்போய் டாக்டர் சொல்வதை மொழிபெயர்த்துவிட்டு வருவார். அக்கா, உன் விழுப்புரத்துப் பெண்ணுக்கு நீ இருந்த மாதிரி. நாளைக்கே பிரிந்தால் அந்த அம்மா எங்கே போவார் என்று நான் கேட்டேன். 'அதனால்தான் நாளைக்கு வேண்டாம் என்கிறேன், ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை' என்றார்.

மீனா, 9.47
சித்தப்பா, அவர் சொல்வது என் அணிதானே?

முரளி சித்தப்பா, 9.48
இரண்டு அணியிலும் இருக்கிறார். அங்கே நிறையப் பேர் அப்படித்தான். 2025 மார்ச் தேர்தலில் நிதானமாகப் போகலாம் என்ற கட்சி முதலிடம், சீக்கிரம் வேண்டும் என்ற கட்சி இரண்டாமிடம்.

தாத்தா, 9.58
நான் ஒன்று சொல்கிறேன். 1962 மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாடு கேட்டுப் பேசினார். அதே வருடம் சீனப் போர் வந்தது. கோரிக்கையை நிறுத்தினார், அடுத்த வருடம் கட்சியே கைவிட்டது. வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும் என்றார். கோழைத்தனத்தால் அல்ல, வாசலில் பெரியவன் நிற்கும்போது வீட்டுக்குள் சுவர் எழுப்பக் கூடாது என்பதால். இன்று கிரீன்லாந்து வாசலில் அமெரிக்கா நிற்கிறது, வேண்டும் என்று வாய்விட்டே கேட்கிறது. 57,000 பேர் தனியாக நின்றால் என்ன ஆகும்?

முரளி சித்தப்பா, 10.01
அப்பா சொல்வதைத்தான் அங்கே பிரதமரும் சொல்லிவிட்டார். நீல்சன், பாட்மின்டன் ஆடியவர், முப்பத்து சொச்சம் வயது. அமெரிக்காவா டென்மார்க்கா என்று இப்போதே தேர்ந்தெடு என்றால் டென்மார்க் என்றார். 2025 தொடக்கத்தில் எடுத்த கருத்துக் கணிப்பிலும் அமெரிக்காவோடு சேர மாட்டோம் என்றவர்கள் 85 சதவீதம்.

மீனா, 10.06
தாத்தா, அண்ணா கைவிட்டார் என்பது சரி. ஆனால் கைவிட்டது யார்? அவரும் அவர் கட்சியும். அப்புறம் நமக்கு 39 எம்.பி., சட்டசபை, மொழிக்குப் போராட இடம் எல்லாம் இருந்தது. அவர்களுக்கு? 2023இல் கிரீன்லாந்து உறுப்பினர் ஒருவர் டென்மார்க் நாடாளுமன்றத்தில் தன் மொழியிலேயே பேசினார், டேனிஷில் திருப்பிச் சொல்ல மறுத்தார். அவையில் பெரும்பாலோருக்குப் புரியவில்லை. முந்நூறு வருடம் ஆண்டவர்களுக்கு அந்த மொழி தெரியாது. பெரியவன் வாசலில் நிற்கிறான் என்கிறீர்கள். 1968இல் தூலே பக்கத்தில் அமெரிக்க விமானம் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு விழுந்தது. டென்மார்க் கூட இருந்தபோதுதான் விழுந்தது.

தாத்தா, 10.09
அது உண்மை.

சுகந்தி அத்தை, 10.11
அப்பா, காலம் இது இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலம் எது என்று டென்மார்க் சொல்லக் கூடாது, அமெரிக்கா சொல்லக் கூடாது, நாமும் சொல்லக் கூடாது.

தாத்தா, 10.13
அதில் எனக்கு உன்னோடு சண்டை இல்லை சுகந்தி. சட்டம் என்ன சொல்கிறது மீனா?

மீனா, 10.15
2009 சட்டத்தின் 21ஆவது பிரிவு. முடிவு கிரீன்லாந்து மக்களுடையது. இரண்டு அரசும் பேசி ஓர் ஒப்பந்தம், அங்கே பொதுவாக்கெடுப்பு. கடைசியில் டென்மார்க் நாடாளுமன்றத்தின் சம்மதமும் வேண்டும்.

தாத்தா, 10.16
அப்படியானால் மக்களுடையது என்று எழுதிவிட்டுக் கடைசிக் கையெழுத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ பேச வேண்டியது இந்த இடத்தில்தான். பணத்தை எதிர் அணி பேசும், அதற்கும் தயாராகப் போ.

அம்மா, 10.20
எல்லோரும் தூங்குங்கள். மீனாவுக்கு நாளை எட்டு மணி மெட்ரோ.

வெள்ளிக்கிழமை

தாத்தா, காலை 5.10
தூக்கம் வரவில்லை. நேற்று செலவுப் பக்கம் மட்டும்தான் போட்டேன். அது தணிக்கைக்கு நிற்காது. டென்மார்க்குக்கு வந்த வரவும் எழுத வேண்டும். ஐவிட்டூட் என்ற இடத்தில் கிரையோலைட் சுரங்கம், அலுமினியம் உருக்குவதற்கு வேண்டிய கனிமம். 1854 முதல் 1987 வரை தோண்டியிருக்கிறார்கள். விமானத் தளத்துக்கு இடம் கொடுத்ததால் அமெரிக்காவிடம் டென்மார்க்குக்குக் கிடைத்த மதிப்பு. இதுவரை எழுதிவிட்டேன். சுகந்தி சொன்ன 4,500 பேரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

முரளி சித்தப்பா, 5.31
இங்கே இன்னும் விடியவில்லை அப்பா, நானும் விழித்துத்தான் இருக்கிறேன். சுரங்கத்தில் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதில் 2025இல் ஓர் ஆவணப்படத்தை ஒட்டி இங்கே பெரிய சண்டை. மீனா, மேடையில் தொகை எதுவும் சொல்லாதே. வருடத்தை மட்டும் சொல்.

மீனா, 5.40
சரி சித்தப்பா. தாத்தா, அந்தத் தாளை எடுத்து வையுங்கள், மாடிக்கு வருகிறேன். அத்தை, உங்கள் விழுப்புரத்துப் பெண்ணைப் பற்றி நான் பேசலாமா?

சுகந்தி அத்தை, 5.52
என்னைக் கேட்காதே மீனா. அவளைக் கேட்க வழியில்லை. அதனால் வேண்டாம்.

மீனா, 5.53
சரி அத்தை. பேச மாட்டேன்.