"நான் எப்பவுமே இப்படித்தான்" என்பவர்களிடம் கேட்க வேண்டியது

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் பழைய நினைவு ஒன்றைக் கேட்டால், பலர் ஒரு நாளைச் சொல்வதில்லை. "ஸ்கூல்ல எல்லாரும் ஒதுக்கித்தான் வைப்பாங்க" என்று மொத்தமாகச் சொல்கிறார்கள். மனச்சோர்வில் இருப்பவர்களிடம் இந்தப் பொத்தாம்பொதுவான நினைவுகூரல் அதிகம் என்பதை 1980களிலேயே உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் எடுத்துக்காட்டினார்.

அதனால் "எப்பவும்", "எல்லாரும்" இரண்டையும் விலக்கிவிட்டு ஒரே ஒரு நாளைக் கேளுங்கள். எந்த இடம், யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார், அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது. கடைசிக் கேள்வியைத் தவறவிடவே கூடாது. அவமானப்பட்ட நொடியோடு நினைவு நின்றுவிடுகிறது. அதன்பின் ஒரு தோழி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது கணக்கிலேயே வராமல் போயிருக்கும்.

"ஏன் அப்படி நடந்துகொண்டேன்?" என்று தோண்ட விடாதீர்கள். அது மனத்தை ஒரே இடத்தில் உழல வைக்கும். வன்முறை, பாலியல் துன்புறுத்தல் போன்றவற்றைத் தனியாக உட்கார்ந்து கிளறவே வேண்டாம், பயிற்சி பெற்றவர் உடனிருக்க வேண்டும்.

*

இதோடு, நடந்தது எவ்வளவு காலம் தள்ளியிருப்பதாகத் தோன்றுகிறது என்ற தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பழைய தன்னைக் குறைத்துப் பேசித்தான் இன்றைய தன்னை உயர்வாகப் பலர் உணர்கிறார்கள் என்று உளவியலாளர்கள் ஆன் வில்சனும் மைக்கேல் ராஸும் 2001இல் எழுதினார்கள். தோல்வி எட்டத்தில் தெரிந்தால் வலி குறையும், வெற்றி கிட்டத்தில் தெரிந்தால் தெம்பு வரும்.

தாளில் 20 செ.மீ. கோடு ஒன்று போடச் சொல்லுங்கள். ஒருவருக்கு 24 வயது, 18 வயதில் தேர்வில் தோற்றார் என்று வைத்துக்கொள்வோம். கோடு பிறப்பில் தொடங்கினால் அந்தத் தோல்வி "இன்று" என்ற முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி விழும். 16 வயதில் தொடங்கினால் 15 செ.மீ. தள்ளிப் போய்விடும். ஆறு வருடம் ஆறு வருடம்தான், ஆனால் பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. பலர் சாதனைகளையும் அதே 16 வயதுக் கோட்டில் குறித்து அவற்றையும் எட்டத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். சாதனைக்குப் பிறப்பிலிருந்து வரும் கோடுதான் சரி.

பிறருக்குச் செய்த தீங்கை மட்டும் இப்படித் தள்ளிவைக்கக் கூடாது. "அது பழைய நான்" என்று சொல்லிவிட்டு, கேட்க வேண்டிய மன்னிப்பிலிருந்து நழுவிவிடுவார்கள்.

*

வருங்காலத்துக்கு வருகிறேன். "இனி நான் மாறப்போவதில்லை" என்ற நினைப்பை நம்பாதீர்கள். 2013இல் வெளியான ஆய்வில் 19,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். போன பத்து வருடத்தில் நிறைய மாறினோம், அடுத்த பத்தில் அவ்வளவு மாறமாட்டோம் என்பதே எல்லா வயதிலும் கிடைத்த போக்கு.

உளவியலாளர் லாரா கிங் 2001இல் செய்து பார்த்த முறை எளிது. எல்லாம் நல்லபடி அமைந்த வருங்காலத் தன்னைப் பற்றித் தினம் 20 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுத வேண்டும். மனத்துக்கு இதம் கிடைக்கும். வேலை நடக்க அது மட்டும் போதாது. இனிய கற்பனையோடு நின்றுவிட்டால் முயற்சி தளர்கிறது என்பதை உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். எழுதி முடித்ததும் தனக்குள்ளேயே இருக்கும் ஒரு தடையைக் குறித்து, "இது வந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். "தைரியமாக இருப்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "கூட்டத்தில் பேச நா எழவில்லை என்றால், கையிலிருக்கும் தாளின் முதல் கேள்வியை அப்படியே வாசிப்பேன்" என்ற அளவுக்கு வர வேண்டும்.